காரைக்குடிப் பக்கத்து வெயிலும் மழையும்: எது பருவநிலை மாற்றம், எது வழக்கம்?

வளவுவாசல்:

எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் இது ஓயாத சண்டை. கத்திரி முடிந்தும் வெயில் தணியாவிட்டால் "பருவநிலை மாற்றம்". புரட்டாசியில் புழுங்கினால் அதுவும் அதுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் அதேதான். எதிர்க்கட்சியோ, "அப்பச்சி காலத்திலேயே இதைவிட அடிச்சிருக்கு, போய் வேலையைப் பாருங்க" என்கிறது. இரண்டு பக்கமும் ஒரு எண்கூடக் காட்டுவதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தை வைத்துச் சொல்லுங்கள். வானிலை ஆப் 41 டிகிரி காட்டினால் அந்த நாளை வெப்ப அலை என்று சொல்லலாமா? புரட்டாசிப் புழுக்கம் புதிதா? தெருவில் தண்ணீர் நிற்பதற்கு மழை காரணமா, தெருவே காரணமா? வீட்டில் அளந்து பார்த்தால் ஏதாவது பிடிபடுமா, இல்லை வீண் வேலையா? மொட்டை மாடியில் தொங்கவிட்ட தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது. மழைமானி இல்லை.

மேகக்கணக்கு:

முதலில் ஆப். அதில் தெரியும் 41 யாரும் காரைக்குடியில் அளந்த எண் அல்ல. பல கிலோமீட்டர் அகலமான ஒரு கட்டத்துக்குக் கணினி போட்டுத் தரும் மதிப்பு. அந்தக் கட்டத்துக்குள் கண்மாய் எங்கே, கட்டாந்தரை எங்கே என்பதெல்லாம் அதற்குத் தோராயம்தான். போதாக்குறைக்கு வெப்பநிலைக்குக் கீழே "உணர்வது இவ்வளவு" என்று இன்னொரு எண் வரும். சண்டைக்கு வருபவர்கள் எப்போதும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வெப்ப அலைக்கு இந்திய வானிலைத் துறை வரையறை வைத்திருக்கிறது. சமவெளி நிலையம் ஒன்றில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு அந்தத் தேதிக்குரிய இயல்பைவிட, அதாவது நீண்டகாலச் சராசரியைவிட, 4.5 முதல் 6.4 டிகிரி கூடியிருக்க வேண்டும். 6.4-ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவானாலும் 45-ஐத் தொட்டால் வெப்ப அலை, 47-ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை. கடலோர நிலையங்களுக்கு 40-க்குப் பதில் 37. அதுவும் ஒரு வானிலை உட்கோட்டத்தில் (வானிலைத் துறை நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளில் ஒன்று) குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால்தான் இரண்டாம் நாள் அறிவிப்பார்கள். மே மாதத்தில் மதுரையின் இயல்பே 38-ஐ ஒட்டித்தான். அதை அளவாக வைத்தால், 41 அடித்தாலும் மூன்று டிகிரிதான் கூடுதல். உடம்பு வேகும், ஆனால் வெப்ப அலை என்ற பெயர் அதற்குக் கிடையாது.

புரட்டாசிக்கு வருவோம். "புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்று சொல்லிவைத்தவர்கள் கரியமில வாயுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. நாம் இருப்பது 10 டிகிரி வடக்கு. உச்சிச் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நம் தலைக்கு நேரே வருகிறது: ஏப்ரல் 16, 17 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 26, 27 வாக்கில் மறு தடவை. புரட்டாசி பிறக்கும்போது சூரியன் உச்சியைவிட்டு அதிகம் விலகியிருக்காது. தென்மேற்குக் காற்று தளர்ந்துவிடும், வடகிழக்கு வந்திருக்காது, காற்றில் ஈரம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். 33 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு 41 போலத் தெரியும். சித்திரையின் 38 டிகிரி, 40 சதவீத ஈரப்பதத்தில் சுமார் 43 போல. வேர்வை உலராததுதான் வித்தியாசம். ஆகவே புரட்டாசிப் புழுக்கத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள், வழக்கு தோற்றுவிடும்.

அப்படியானால் எதை ஏற்றுவது? பல பத்தாண்டு வெப்பநிலைப் பதிவை. பகல் அதிகபட்சம், விடியற்காலைக் குறைந்தபட்சம் இரண்டையும். மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. 0.7-ஐ உடம்பு உணராது. ஆனால் சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே ஓரத்தில் இருக்கும் அதிவெப்ப நாட்கள் மளமளவென்று கூடிவிடும். பழைய காலநிலையில் 10 ஆண்டுக்கு ஒரு முறை வந்த அளவு வெப்பம் இப்போது உலக நிலப்பரப்பில் 2.8 மடங்கு அடிக்கடி வருகிறது, 50 ஆண்டுக்கு ஒரு முறை வந்தது 4.8 மடங்கு. இது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை.

நம் பக்கத்துக்கு நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1951 முதலான தினசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை 1 டிகிரிக் கட்டங்களாகவும், 1901 முதலான மழையைக் கால் டிகிரிக் கட்டங்களாகவும் இலவசமாகத் தருகிறது. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் இம்ட்லிப் என்ற நிரலை வைத்து இறக்கலாம். இறக்கியதும் சராசரி எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், சாதனைகளை (ஒரு தேதியில் அதுவரை பதிவாகாத சூடு அல்லது குளிர்) எண்ணுங்கள். காலநிலை மாறவே இல்லை என்றால், 30 வருடத் தரவில் ஒரு குறிப்பிட்ட தேதியின் சாதனை கடைசி வருடத்தில் விழ 30-ல் ஒரு வாய்ப்பு. 365 தேதிக்கு வருடத்தில் 12 சூட்டுச் சாதனை, 12 குளிர்ச் சாதனை வர வேண்டும். சூடு பக்கம் 30, குளிர் பக்கம் 2 என்று வருடாவருடம் வந்தால் அதற்கு மேல் வாதம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. தனி ஒரு நிலையத்தின் தரவை எடுத்தால், அந்த நிலையம் இடையில் இடம் மாறியதா, சுற்றிலும் கட்டடம் முளைத்ததா என்று பாருங்கள். ஊருக்கு நடுவிலிருந்து வெட்டவெளிக்குப் போன நிலையம் "குளிர்ந்துவிட்டது" என்று பொய் சொல்லும்.

செம்மண்காடு:

தெருத் தண்ணிக்கு மட்டும் நான் சொல்றேன் அண்ணே. மழையக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கணக்கப் பாருங்க.

வீடு, தெரு எல்லாம் சேர்த்து ஒரு ஹெக்டேர்னு வச்சுக்குவோம். 50 மி.மீ. பெய்ஞ்சா அதுல விழுற தண்ணி 5 லட்சம் லிட்டர். செம்மண் தரையா கிடந்தா அதுல 10லேர்ந்து 30 சதவீதம்தான் ஓடும், பாக்கிய மண்ணு குடிச்சிரும். 30னே வைங்க, ஒன்றரை லட்சம் லிட்டர். அதே இடத்த சிமெண்டு, பேவர் பிளாக்குனு மூடிட்டா 90 சதவீதம் ஓடும். நாலரை லட்சம். மழை ஒரு சொட்டுக் கூடல, தெருவுல ஓடுற தண்ணி மூணு மடங்கு. உலகம் ஒரு டிகிரி சூடானா காத்து தாங்குற ஈரம் 7 சதவீதம் கூடும்னு சொல்றாங்கல்ல? அந்த ஏழு சதவீதத்தையும் இந்த மூணு மடங்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

நம்ம பழைய வீட்டுல ஓட்டுச் சரிவு நாலு பக்கமும் முற்றத்த நோக்கி இறங்கும். ரெண்டு சரிவு சேர்ற மூலையில தகரக் கூடல்வாய், அங்கேர்ந்து முற்றத்துல அண்டா, அண்டா நெறஞ்சா மிச்சம் முற்றத்துத் தூம்பு வழியாத் தெருக் கால்வாய்க்கு, அது ஊரணிக்கு. இப்ப என்ன பண்றாங்க? முற்றத்துக்கு மேல பைபர் ஷீட்டப் போட்டு மூடி, ஒரே ஒரு 3 அங்குல பி.வி.சி. குழாய்ல எறக்கிவிடுறாங்க. மணிக்கு 100 மி.மீ. வேகத்துல அடிச்சா 4 அங்குலக் குழாய் ஒண்ணு தாங்குறது சுமாரா 40 சதுர மீட்டர் கூரைதான். 3 அங்குலம்னா அதுல பாதி. 200 சதுர மீட்டர் கூரைக்கு 4 அங்குலத்துலயே அஞ்சு எறக்கணும். ஒண்ண வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள ஒழுகுது, வானம் மாறிப்போச்சுன்னா எப்படி?

அடுத்தது ரோடு. பழசச் சுரண்டாம மேல மேல போட்டு, தெரு ஏறிக்கிட்டே போகுது. வாசப்படி ஆறு ஏறி வர்ற பெரிய வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குப் பக்கத்துல பின்னாடி கட்டுன வீட்டுக்குள்ளதான் தண்ணி.

கோளாறு எங்கனு கண்டுபிடிக்கச் சுளுவான வழி: மழை விட்டு அரை மணி, முக்கால் மணியில வடிஞ்சா கால்வாய் சின்னது, ஆனா ஓடுது. ஆறு மணி நேரமும் அப்படியே நின்னா எங்கயோ அடைப்பு, இல்ல ஊரணிக்குப் போற வரத்துக்கால் மண்ணு மூடிக் கெடக்கு. தண்ணி நின்ன பக்கம் சுவத்துல சேத்துக்கோடு விழும். அதே கோடு ஊரணி வாய்ல இல்லேன்னா தண்ணி அங்க போய்ச் சேரவே இல்லனு அர்த்தம்.

ஊரணிக்கரை:

அப்படின்னா 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அதுவும் வாய்க்கால் அடைப்பா? 2015 சென்னை? கஜா? தெருவைக் குற்றம் சொல்லியே உலகம் சூடாவதை மூடி மறைப்பது போல இருக்கிறது இந்த இழை.

மேகக்கணக்கு:

மறைக்கவில்லை, பிரித்துப் பார்க்கிறோம். மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

2015 சென்னை மழையை ஆராய்ந்தவர்கள் 2016-ல் வெளியிட்ட முடிவு பலருக்குப் பிடிக்காது: அந்த ஒரு நாள் பெருமழையில் புவி வெப்பமாதலின் பங்கு எதையும் கண்டறிய முடியவில்லை. காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் சூரிய ஒளியை மறைத்து, பசுங்குடில் வாயுக்களின் வேலையை அதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்றார்கள். அதே மாதிரியான முறையில் 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அடித்த வெப்பத்தை ஆராய்ந்தபோது, மனிதனால் வந்த வெப்பமாதல் அதன் வாய்ப்பைச் சுமார் 30 மடங்கு கூட்டியிருக்கிறது என்று வந்தது. முறை ஒன்றுதான், விடை இரண்டு. வெப்பத்தில் மனிதனின் கை தெளிவாகத் தெரிகிறது, ஒற்றை மழையில் அவ்வளவு தெளிவில்லை. நான் முதல் பதிலில் வெப்பத்தை மட்டும் பேசியது அதனால்தான்.

காயல்பட்டினத்தில் குமரிக்கடல் பக்கத்து மேலடுக்குச் சுழற்சி நகராமல் நின்று கொட்டியது. செம்மண்காடு சொன்ன 7 சதவீதத்தை அப்படியே போட்டால் 95-ல் 6 செ.மீ. கூடுதல் ஈரத்தின் கணக்கு, மீதி 89 எப்படியும். (காற்றோட்டமே மாறினால் இந்தக் கணக்கு மாறும், இது ஈரத்தை மட்டும் வைத்துப் போட்டது.) 89 பெய்திருந்தாலும் ஊர் மூழ்கியிருக்கும். கஜா போன்ற தனி ஒரு புயலை வைத்து வழக்காடுவதில் பயனில்லை. கடல் சூடாகச் சூடாகப் புயல்களில் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்பதுவரை சொல்லலாம்.

மழையில் இன்னொரு தொல்லை, அதன் இயல்பான ஆட்டம். 2016-ல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. அதற்கு முந்தைய வருடம்தான் சென்னை மூழ்கியது. 2015-ல் பலமான எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது), 2016-ல் இந்தியப் பெருங்கடலில் எதிர்மறை இருமுனை நிலை (அதன் மேற்குப் பக்கம் குளிர்ந்து கிழக்குப் பக்கம் சூடாவது). எல் நினோ வருடங்களில் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் நன்றாகவும், அதற்கு நேர்மாறாகப் பசிபிக் குளிரும் லா நினாவில் சுமாராகவும் இருக்கும் என்பது பொது விதி. 2021 லா நினா வருடம், ஆனால் வெளுத்து வாங்கியது. விதி அவ்வளவு இறுக்கமானதல்ல. இப்படி வருடத்துக்கு வருடம் ஐம்பது அறுபது சதவீதம் துள்ளும் எண்ணுக்குள் ஐந்து, பத்து சதவீத மாற்றத்தை 30 வருடத் தரவில் பிடிப்பது சிரமம். மாற்றம் இல்லை என்று இதற்குப் பொருளல்ல.

"50 ஆண்டில் இல்லாத மழை" என்ற செய்தித் தலைப்புக்கும் ஒரு கணக்கு. 50 ஆண்டு மழை என்றால் ஒரு இடத்தில் ஒரு வருடத்தில் 2 சதவீத வாய்ப்பு. பத்து வருடத்தில் அது ஒரு முறையாவது வர 18 சதவீதம். சிவகங்கை மாவட்டத்தில் ஒன்பது மழைமானி இருந்து, அந்த இடங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் மழை பெய்வதாக வைத்துக்கொண்டால் எங்காவது ஒன்றில் ஒவ்வொரு வருடமும் 17 சதவீதம். ஏழு வருடத்துக்குள் ஏதாவது ஒரு ஊரில் "50 ஆண்டில் இல்லாதது" வந்தால்தான் இயல்பு.

வளவுவாசல்:

நன்றி. அப்படியானால் வீட்டில் அளப்பது வீணா? மொட்டை மாடித் தெர்மாமீட்டர் மத்தியானம் 46, 47 காட்டுகிறது.

அளவுகோல்:

மாடித் தளம் சூடேறி, அந்தச் சூட்டைத்தான் அது காட்டுகிறது. கழற்றுங்கள். தெர்மாமீட்டர் நிழலில், காற்றோட்டத்தில், மண் தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் சாய்வுச் சட்டம் அடித்த வெள்ளைப் பெட்டி, கதவு வடக்கே. இதில் நம் ஊருக்கு ஒரு சிக்கல்: ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் நண்பகலில் கதவைத் திறந்தால் வெயில் நேரே குமிழில் விழும். காலை 8.30-க்குத் திறந்து அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் குறித்து, மீட்டமைத்து மூடிவிடுங்கள். முற்றத்தில் தொங்கவிட வேண்டாம். நான்கு பக்கச் சுவர் நிழலில் வெளியைவிடக் குறைத்துக் காட்டும். முற்றம் அதற்காகத்தானே கட்டியது.

பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து, கலக்கிக்கொண்டே பத்து நிமிடம் குமிழை அதில் வைத்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 1.5 காட்டினால் எல்லா அளவிலும் 1.5 கழியுங்கள்.

மழைமானிக்கு 2 லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். தோள் சரியத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல் பாதியைத் தலைகீழாகப் புனல் போல உள்ளே செருகுங்கள். அடியில் மேடு பள்ளம் இருக்குமே, அங்கே கூழாங்கல்லைப் போட்டு, பக்கச் சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே 0 கோடு. அதற்கு மேல் மி.மீ. அளவுகோலை ஒட்டினால் முடிந்தது. சுமார் 15 செ.மீ.க்கு மேல் பெய்தால் வழிந்துவிடும், இடையில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால் 20 செ.மீ. விட்டமுள்ள புனலைக் கேனில் செருகுங்கள். 1 மி.மீ. மழைக்கு 31.4 மி.லி. சேரும். சிரிஞ்சால் அளந்து வகுத்துக்கொள்ளலாம்.

மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள்: 6 மீட்டர் வீடு என்றால் 12 மீட்டர். மாடிச் சுவரில் வைத்தால் காற்று மழையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், குறைவாகத்தான் சேரும். காலை 8.30-க்கு 8.30. நேற்றுச் சாயங்காலம் பெய்தது இன்றைய தேதியில் பதிவாகும். செய்தித்தாள் எண்ணோடு ஒத்துவராமல் போவது பாதி இதனால்தான். 2.5 மி.மீ. சேர்ந்தால் "மழை நாள்". 64.5-லிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. பார்க்காத நாளுக்கு 0 எழுதாதீர்கள், கோடு போடுங்கள். வீட்டுக் குறிப்பேடுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு தவறால்.

ஐந்து வருடம் அளந்தாலும் பருவநிலை மாற்றம் பிடிபடாது, அதற்கு 30 வேண்டும். ஆனால் உங்கள் தெருச் சண்டை ஒரே பருவத்தில் தீரும். கொட்டும்போது 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவு எடுங்கள். 15 நிமிடத்தில் 20 மி.மீ. என்றால் மணிக்கு 80 வேகம். அது நிஜமாகவே முரட்டு மழை. மணிக்கு 25 வேகத்துக்கே தண்ணீர் நின்றால் செம்மண்காடு சொன்ன வரத்துக்காலைப் போய்ப் பாருங்கள்.

மானாவாரி:

விவசாயக்காரனுக்கு மொத்த மழை பெரிசில்ல. நம்ம பக்கம் புழுதியில நெல்லை விதைச்சுட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். 20 மி.மீ. பெய்ஞ்சு முளைச்சு, அப்புறம் 15 நாள் காய்ஞ்சா பயிர் போச்சு. டிசம்பர்ல கண்மாய் நெறஞ்சு கலுங்கு பாய்ஞ்சாலும் கணக்குல "இயல்பு மழை". அதனால இறக்குற தரவுல அக்டோபர் 1லேர்ந்து டிசம்பர் 31 வரைக்கும் 2.5 மி.மீ.க்குக் குறைவா தொடர்ந்து எத்தனை நாள் காய்ஞ்சதுன்னு ஒவ்வொரு வருசத்துக்கும் எண்ணுங்க. 1961-90 ஒரு பத்தி, 1991-2020 ஒரு பத்தி. மழை நாளுக்கும் அப்படியே. மொத்தம் மாறாம மழை நாள் மட்டும் குறைஞ்சிருந்தா அதுதான் எங்களுக்கு மாற்றம். அதோட வெதைக்கிற தேதிய 20 அக்டோபர்னு வழக்கமாச் சொல்ற பருவமழைத் தொடக்கத்தோட ஒட்டவச்சுப் பாருங்க, அதுக்கு ரொம்ப முன்னாடி விழுற ஒத்த மழைய நம்பாதீங்க.

வளவுவாசல்:

இங்கே கிடைக்கும் 2 லிட்டர் பாட்டில் எல்லாம் இடுப்பு வளைந்துதான் இருக்கிறது. பரவாயில்லையா?

அளவுகோல்:

அளவுகோல் ஒட்ட முடியாது, ஆனால் தூக்கிப் போட வேண்டாம். புனல் வாயின் விட்டத்தை அளங்கள். 11 செ.மீ. என்றால் பரப்பு 95 சதுர செ.மீ.; 1 மி.மீ. மழைக்கு 9.5 மி.லி. 0 கோட்டிலிருந்து 95 மி.லி. ஊற்றி, நின்ற இடத்தில் 10 என்று கோடு. இன்னொரு 95-க்கு 20. வளைவு இருக்கும் இடத்தில் கோடுகள் விலகி விழும், அது சரிதான். மார்க்கர் மை வெயிலில் போய்விடும். பிளேடால் கீறி அதன் மேல் நெயில் பாலிஷ் தடவுங்கள்.